வாசனையில்லாத எண்ணெய்

சான் ரோக், பனாய்த் தீவு
20 பிப்ரவரி 1994

அன்புத் தங்கை மிலாக்ரோஸுக்கு அண்ணன் பவுஸ்தினோ எழுதுவது.

கடவுள் கிருபையால் நான் நலம். மிலான் நகரத்துக் குளிர் குறைந்ததா? நீ பார்த்துக்கொள்ளும் எஜமானி, அந்தச் சிஞோராவின் இடுப்பு எலும்பு கூடிவிட்டதா?

நல்ல செய்தியை முதலில் எழுதிவிட்டு மற்றதைப் பிறகு எழுதுவது என் வழக்கம். இந்த முறை தேடிப் பார்த்தேன். முற்றத்து மாமரம் பூத்திருக்கிறது, அவ்வளவுதான்.

சல்வாசியோன் அக்காவுக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. மாகாண ஆஸ்பத்திரி டாக்டர் என்னைத் தனியே அழைத்து, ஈரலில் புற்று, அறுத்துப் பயனில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இதை எப்படிச் சொல்வது என்று ஜீப்னி வண்டியில் வழி நெடுக வாக்கியம் கோத்துக்கொண்டு வந்தேன். இறங்கியதும் அவளே கேட்டாள்: "என்னடா, மூஞ்சியப் பாத்தா டாக்டர் உனக்கு நாள் குறிச்ச மாதிரி இருக்கு?"

பிறகு சொன்னாள்: "எனக்கு நெனவு இருக்கும்போதே சாமியார் வந்து கடைசிப் பூசுதல் எண்ணெயப் பூசிட்டுப் போகட்டும். அம்மாவுக்குச் செஞ்ச மாதிரி மூச்சு இழுக்கறப்ப வேண்டாம். அந்த எண்ணெய் என் உள்ளங்கையில படறது எனக்குத் தெரியணும்."

நான் அன்று மாலையே பங்குச் சாமியாரிடம் போயிருப்பேன். அதற்குள் உன் மகன் ரோமுலோ வந்துவிட்டான். இப்போது ஊரில் அவனை 'பிரதர் ரோமி' என்கிறார்கள். கிட்டார், ஒலிபெருக்கி, கூடவே பத்துப் பேர். அவன் படம் ஒட்டிய பாட்டிலிலிருந்து மல்லிகை வாசனையுள்ள தேங்காய் எண்ணெயை அக்காவின் தலையில் ஊற்றி, உரக்க அழுது ஜெபித்தார்கள். பக்கத்து வீட்டுப் பன்றி வேலியை முட்டிக்கொண்டு ஓடிவிட்டது. சாமியாரைக் கூப்பிடலாமா என்று கேட்டேன். "சாமியாரக் கூப்பிடறது தோத்துட்டோம்னு பிசாசுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கற மாதிரி, மாமா," என்றான்.

அக்கா இருப்பது நீ கட்டிய வீடு; அவன் உன் மகன். உன் அபிப்பிராயம் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
பவுஸ்தினோ


மிலான்
15 மார்ச் 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

மாதாவின் அடைக்கலத்தில் இங்கே எல்லாரும் சுகம். சிஞோரா கைத்தடியோடு நடக்கிறாள், என்னைத் திட்டுவதற்கு மட்டும் தடி தேவைப்படவில்லை.

அக்காவை நினைத்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் அண்ணா, ரோமி அங்கே இருக்கிறான் என்பதுதான் எனக்கு ஆறுதல். சேவல் சண்டைக் களத்தில் விடிய விடியக் கிடந்த பையன் அவன். பன்னிரண்டு வருஷம் அடுத்தவர் வீட்டுக் கிழவிகளைக் குளிப்பாட்டிக்கொண்டே அவனுக்காக ஜெபமாலை சொன்னேன். இன்றைக்கு அவன் ஊருக்கே ஜெபிக்கிறான். இதைவிட ஒரு தாய்க்கு என்ன வேண்டும்?

நீ எப்போதும் புத்தகத்தில் பிழை பார்ப்பதுபோல மனிதர்களையும் பார்ப்பாய். அவன் சத்தம் போட்டால் போடட்டும். சாமியாரைக் கூப்பிடாதே. அவர் எண்ணெய் கொண்டுவரும் அந்தக் கறுப்புப் பையைப் பார்த்தாலே அக்கா நம்பிக்கை இழந்துவிடுவாள். அம்மாவுக்குப் பூசி, சாமியார் தெரு முனை திரும்புவதற்குள் உயிர் போனது உனக்கு மறந்துவிட்டதா?

ரோமி எனக்கும் கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டில் அனுப்பினான். நானும் பூசிக்கொள்கிறேன். வீட்டு வாசனை வருகிறது.

உன் இருமலுக்குத் துளசிக் கஷாயம் குடி.
மிலாக்ரோஸ்


சான் ரோக்
12 ஏப்ரல் 1994

அன்புத் தங்கைக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உனக்கு. நான் நலம். இருமல் குறைந்தது. நீ எதற்கு எண்ணெய் பூசிக்கொள்கிறாய்? முட்டி வலியா?

கோபத்தில் எழுதிய முதல் தாளைக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது. இதிலும் பொறுமை குறைந்தால் மன்னி.

சனிக்கிழமை ரோமி வேன் கொண்டுவந்து அக்காவைத் தூக்கிப்போய் ஊர் நடுவே பிளாசா மேடையில் உட்காரவைத்தான். காற்று வாங்கத்தான் என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். நானும் பின்னால் போனேன். அவன் மேடையேறுமுன் ஒலிபெருக்கிக்காரனிடம், "நான் அழ ஆரம்பிக்கறப்ப எதிரொலியக் கூட்டுடா, போன தடவ மாதிரித் தூங்கிடாத" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். சரியாக அந்த இடத்தில் அழுதான். சரியாக அந்த இடத்தில் எதிரொலி கூடியது. ஜனங்கள் கதறினார்கள். நல்ல ஜனங்கள், மிலாக்ரோஸ்; மீன் காயப்போட்ட கையைக் கழுவக்கூட நேரமில்லாமல் ஓடிவந்தவர்கள்.

அதன் பிறகு அக்காவை எழுப்பி நிறுத்தி, "பாருங்க! ஈரல் புற்று! பறந்து போச்சு!" என்றான். அக்கா ஒலிவாங்கியில், "எனக்கு மூத்திரம் வருது" என்றாள். அதற்கும் அல்லேலூயா சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து மூன்று நாளாக எழுந்திருக்கவில்லை. குணமானவளுக்கு எதற்கு என்று ரோமி ஆஸ்பத்திரி வலி மருந்தையும் எடுத்துப் போய்விட்டான். வேறு மருந்து நான் வாங்கிவந்து, ஜெபிக்கிறவர்கள் கண்ணில் படாமல் கஞ்சியில் கலந்து கொடுக்கிறேன். எழுபது வயதில் என் சொந்த அக்காவுக்குத் திருட்டுத்தனமாய் மருந்து!

அவள் தினமும் கேட்பது ஒன்றுதான்: "சாமியார் எங்கடா?"

பவுஸ்தினோ


மிலான்
3 மே 1994

அண்ணனுக்கு,

நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன்.

ரோமி எழுதியிருக்கிறான். அக்கா தன் காலால் எழுந்து நின்று கைதூக்கிக் கடவுளைத் துதித்தாளாம். போட்டோவும் அனுப்பியிருக்கிறான். அதில் அக்கா நிற்கிறாள், அண்ணா. இரண்டு கையும் மேலே. போட்டோ பொய் சொல்லுமா? அல்லது உனக்குப் பிள்ளை இல்லாததால் என் பிள்ளையின் பெயர் உனக்குக் கசக்கிறதா?

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வலது கை கொஞ்சம் சரியாக இல்லை.

மிலாக்ரோஸ்


சான் ரோக்
28 மே 1994

அன்புத் தங்கைக்கு,

உன் கைக்கு என்ன? அதை எழுதாமல் விட்டுவிட்டாய்.

நீ எழுதிய மற்றதற்கு நான் வருந்தவில்லை. அப்படியும் இருக்குமோ என்று நானே யோசித்துப் பார்த்தேன். எனக்குக் கூட்டம் என்றாலே பயம். சத்தமாக ஜெபிக்கிறவர்களைக் கண்டால் கூச்சம். என் கூச்சத்தை நியாயம் என்று நினைத்துக்கொள்கிறேனோ என்று இரண்டு வாரம் பதில் எழுதாமல் இருந்தேன்.

அந்தப் போட்டோ எனக்கும் ஒன்று கிடைத்தது. ஊரெல்லாம் கொடுத்திருக்கிறான். சிஞோராவின் பூதக்கண்ணாடியை வாங்கி அக்காவின் அக்குளுக்குக் கீழே பார். சட்டை மடிப்பு மாதிரித் தெரிவது மடிப்பில்லை, விரல்கள். அக்காவின் மேல்கையில் அந்த விரல்களின் தடம் இன்னும் நீலமாக இருக்கிறது. யாருடைய கை என்று நான் எழுதப்போவதில்லை.

குருமடத்தில் இலத்தீன் சொல்லிக்கொடுத்த காலத்தில் 'பூசுதல்' என்பதன் இலத்தீன் சொல்லுக்கு அகராதியில் பொருள் பார்க்கச் சொல்வேன். எண்ணெயிட்டு நோயாளியையும் அரசனையும் அபிஷேகித்தல் என்பது முதல் பொருள். பின்னால் வந்த மொழிகளில் அதே சொல் பக்தி உருக்கமான பேச்சுக்கு ஆகி, கடைசியில் உள்ளே ஒன்றுமில்லாத உருக்கத்துக்கும் ஆகிவிட்டது. இது எப்படி நடந்தது என்று பையன்கள் கேட்டால், காலப்போக்கில் என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்வேன். காலம் ஒன்றும் செய்யவில்லை, மிலாக்ரோஸ். மனிதர்கள் செய்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் யாரோ ஒருவன் மேடை போட்டுச் செய்திருக்கிறான்.

இப்போது வீட்டு வாசலில் அவன் ஆட்கள் முறைவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். 'இடைவிடா ஜெபமாம்.' சாமியார் உள்ளே போனால் அக்கா குணமாகவில்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடும் அல்லவா?

பவுஸ்தினோ


சான் ரோக்
25 ஜூன் 1994

அன்புத் தங்கைக்கு,

உன் பதில் வரவில்லை. மழையில் தபால் தாமதம் என்று வைத்துக்கொள்கிறேன். கை தேவலையா?

உன் சொல்லை மீறிவிட்டேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா என் சட்டையைப் பிடித்தாள். "நீ எனக்குத் தம்பியா, அவங்களுக்கு வாட்ச்மேனா?" என்றாள். நான் நேரே நெஸ்தோர் சாமியாரிடம் போனேன். அவர் என் பழைய மாணவர். இலத்தீன் அவருக்கு வந்ததே இல்லை. ஸ்கூட்டரை ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, "பின்வழியா வரவா சார்?" என்று கேட்டார்.

"இல்ல ஃபாதர். தெரு வழியா. மணி அடிச்சு," என்றேன். என் வாயா அது என்று எனக்கே சந்தேகம்.

அந்தக் காலத்து மணியைக் கோவில் சக்ரீஸ்து அறை அலமாரியிலிருந்து நானே எடுத்தேன். நல்ல வெயில். நான் முன்னால், அவர் கறுப்புப் பையோடு பின்னால். "சார், கொஞ்சம் பலமா அடிங்க, எனக்கே கேக்கல," என்றார்.

உனக்குத் தெரியுமே, நம் தெருவில் அந்த மணி கேட்டால் என்ன அர்த்தம் என்று. நாங்கள் வீட்டை அடைவதற்குள் நாற்காலி வாடகைக்காரன் வண்டி கட்டிவிட்டான். எதிர்வீட்டு கோர்தோ துக்க வீட்டில் சீட்டாடுவதற்குச் சீட்டுக்கட்டோடு வந்துவிட்டான்.

வாசலில் ரோமி கைகளை விரித்து மறித்து நின்றான். "மாமா, விசுவாசத்தக் கெடுக்காதீங்க. பெரியம்மா குணமாயிட்டாங்க."

"குணமானவள எதுக்குடா பூட்டி வெச்சிருக்க?" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது. தெரு முழுவதும் நின்றுவிட்டது. ஒரு கிழவி, "அதானே!" என்றாள்.

ரோமி கூட்டத்தைப் பார்த்தான். கணக்குப் போட ஒரு மூச்சு நேரம்தான் எடுத்தது. அடுத்த மூச்சில் மண்டியிட்டான், கண்ணில் நீர் கொட்டியது. "என் ஜெபம் கேக்கப்பட்டது! நான் கூப்பிட்ட சாமியார் வந்துட்டாரு!" என்று கத்தினான். கூட்டம் கைதட்டியது! மணியை அவன் தலையில் போட்டுவிடுவேனோ என்று பயந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே, நெஸ்தோர் சாமியார் பஸ் நேரம் அறிவிப்பவர்போல ஜெபம் வாசித்தார். ஓரிடத்தில் வரி தவறி மறுபடி வாசித்தார். கட்டைவிரலால் நெற்றியில், இரண்டு உள்ளங்கையில். அவர் நகத்தில் ஸ்கூட்டர் கறை. எண்ணெய்க்கு வாசனையே இல்லை. அக்கா உள்ளங்கையை மூடிக்கொண்டு, "ம்ம். தெரிஞ்சுது," என்றாள்.

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "கோர்தோ! சீட்டக் கொண்டாந்துட்டல்ல, உள்ள வா, ஒரு ஆட்டம் போடுவோம்! நான் இன்னும் சாகல!" என்றாள்.

பவுஸ்தினோ


மிலான்
20 ஜூலை 1994

அண்ணனுக்கு,

இங்கே வெயில். சிஞோரா மலைக்குப் போக வேண்டுமென்று அடம்பிடிக்கிறாள்.

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அந்த விரலில் இருக்கும் மோதிரம் நான் முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பியது.

அக்காவுக்கு என் முத்தம். அவள் கையை என் பேரில் ஒருமுறை பிடி.

மிலாக்ரோஸ்


சான் ரோக்
15 ஆகஸ்ட் 1994

அன்புத் தங்கைக்கு,

மனதைத் திடப்படுத்திக்கொள். அக்கா போன செவ்வாய்க்கிழமை மதியம் காலமானாள். வலி மருந்து வேலை செய்தது. பிடித்திருந்தது என் கை. உன் பேரில்தான் என்று சொல்லியிருந்தேன். பூசியபின் ஏழு வாரம் இருந்தாள். கோர்தோவிடம் நிறைய ஜெயித்தாள்.

அடக்கத்தில் நெஸ்தோர் சாமியார் ஐந்து வாக்கியம் பேசினார். ஐந்தும் உண்மை. ரோமி அரைமணி நேரம் பேசினான். அந்த ஏழு வாரமும் அவன் எண்ணெய் கொடுத்த ஆயுசாம். கல்லறைக்கு வெளியே பாட்டில் விற்றார்கள். அக்காவின் போட்டோ ஒட்டிய பாட்டில். அவள் பெட்டியில் போட்ட பூ இன்னும் வாடக்கூட இல்லை!

உனக்கு அவன் மகன். இதை எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். உன் கைக்கு என்ன?

பவுஸ்தினோ


மிலான்
12 செப்டம்பர் 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

இதை இடதுகையால் எழுதுகிறேன். நலமா என்று கேட்கிறேன், நீ நலமாக இருக்க வேண்டும்.

நவம்பரில் வலது மார்பில் ஒரு கட்டி பார்த்தேன். ரோமிக்கு எழுதினேன். அவனுக்கு மட்டும்தான். டாக்டரிடம் போகாதீங்க அம்மா, அவர்கள் பெயர் வைத்தால் அது தங்கிவிடும் என்று எழுதி, பாட்டில் அனுப்பினான். காலையும் இரவும் பூசினேன். அக்கா நிற்கிற போட்டோ வந்த அன்று சந்தோஷத்தில் அழுதேன். அவளுக்கு நடந்தால் எனக்கும் நடக்கும் அல்லவா? நீ எழுதியதெல்லாம் எனக்கு ஏன் கோபம் தந்தது என்று இப்போது உனக்குப் புரியும். நீ அவன் ஜெபத்தையா குறை சொன்னாய்? என் மருந்தையல்லவா.

மோதிரத்தைப் பார்த்த பிறகும் பூசினேன், அண்ணா. அக்கா போன கடிதம் வந்த அன்றுதான் தொட்டியில் ஊற்றினேன். குளியலறை இன்னும் மல்லிகையாய் நாறுகிறது. கையைத் தூக்க முடியாததைச் சிஞோராதான் பார்த்து, திட்டித் திட்டி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். அடுத்த மாதம் அறுவை. தாமதமாக வந்தீர்கள் என்றார் டாக்டர். மிகத் தாமதம் என்று சொல்லவில்லை.

ரோமியிடம் நீயே சொல். மெதுவாகச் சொல். அவனும் பயந்திருப்பான்.

மிலாக்ரோஸ்


சான் ரோக்
10 அக்டோபர் 1994

என் மிலாக்ரோஸ்,

சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். ரோமி சமையலறைப் பெஞ்சில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தான். சத்தமே வரவில்லை. மூக்கைச் சட்டைக்கையில் துடைத்துக்கொண்டான். "அம்மாவுக்கு வலிக்குதாமா, மாமா?" என்று மட்டும் கேட்டான். இது ஒலிவாங்கி வேண்டாத கண்ணீர் என்று நினைத்தேன். முதுகைத் தடவிக் கொடுத்தேன். இந்த எட்டு மாதமும் அவனைத் தவறாக எடைபோட்டேனோ என்று வீட்டுக்கு வரும் வழியில் என்னையே நொந்துகொண்டேன்.

நேற்று ஞாயிறு. அவன் மனம் மாறியதை அவன் வாயாலேயே கேட்கலாம் என்று பிளாசாவுக்குப் போனேன்.

"என் தாய்க்கு மார்புல கட்டி! இத்தாலி டாக்டருங்க கைவிட்டாங்க! இந்த எண்ணெய் கடல் தாண்டிப் போச்சு! போன வாரம் கட்டி கரைஞ்சு போச்சு!" என்றான். எதிரொலி கூடியது.

எப்படி மேடையேறினேன் என்று தெரியவில்லை. என் செருப்பில் ஒன்று படியிலேயே கிடந்ததாம். என்னைப் பார்த்ததும் அவன், "இதோ, என் மாமாவே சாட்சி சொல்ல வந்துட்டாரு!" என்று ஒலிவாங்கியை என் கையில் கொடுத்தான். என்னைப் பற்றி அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. நான் எதையும் சொல்ல மாட்டேன் என்று.

சொன்னேன்: "என் தங்கச்சி குணமாகல. கட்டி அப்படியேதான் இருக்கு. எட்டு மாசமா இந்த எண்ணெயப் பூசிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்தா. இப்ப மார்ப எடுக்கப் போறாங்க. எங்க அக்காவும் குணமாகல. மேடையில அவளத் தூக்கிப் பிடிச்சிருந்தாங்க. உங்கள்ல யாருக்காவது கட்டி இருந்தா, வலி இருந்தா, நாளைக்குக் காலையில மொத ஜீப்னியப் புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போங்க. சாமியார் வேணும்னா எங்கிட்டச் சொல்லுங்க. மணி எங்கிட்டதான் இருக்கு."

ஒருவரும் கைதட்டவில்லை. ஒலிபெருக்கிக்காரன் மட்டும் எதிரொலியை அணைத்துவிட்டிருந்தான், அதை நான் பிறகுதான் உணர்ந்தேன். யாரோ, "பொறாமைக்காரக் கெழவன்" என்றார்கள். ரோமி என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

இன்று காலை மனசு கேட்காமல் ஜீப்னி நிற்கும் இடத்துக்குப் போனேன். மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி மீன்காரி; என்னைப் பார்த்ததும் சட்டையை மார்பின்மேல் இழுத்து விட்டுக்கொண்டு, "தனியாப் போகப் பயமா இருக்கு வாத்தியாரே, கூட வரீங்களா?" என்றாள். நானும் ஏறிக்கொண்டேன். இந்தக் கடிதத்தை ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உள்ளே அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

உன் அடுத்த கடிதத்தைச் சிஞோராவே எழுதிக் கொடுத்தாலும் பரவாயில்லை. சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு இருக்கட்டும். கை எப்படி இருக்கிறது என்பதை முதல் வரியில் எழுது.

உன் அண்ணன்,
பவுஸ்தினோ